எறிபொருள் இயக்கமும் சராசரி வேகமும்: கணக்குப் போடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இயற்பியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்குவோர் முதலில் இடறும் இடங்கள் இரண்டு: ஒன்று சராசரி வேகம், மற்றது எறிபொருள் இயக்கம், அதாவது எறியப்பட்ட பின் புவியீர்ப்பால் மட்டுமே இழுக்கப்படும் பொருளின் இயக்கம். பார்வைக்கு இவை தொடர்பற்ற பாடங்களாகத் தோன்றினாலும், இரண்டிலும் தவறு நேரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். எந்த வேகம் எவ்வளவு நேரத்துக்கு நீடித்தது என்பதைக் கேட்காமலேயே எண்களைச் சூத்திரத்தில் இட்டுவிடுகிறோம். கீழே உள்ள விடைகள் அனைத்தும் ஏதோ ஒரு விதத்தில் அந்த நேரத்தைத் தேடிச் செல்பவை. எளிமை கருதிப் புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்றே கொள்ளப்பட்டுள்ளது. வேறு மதிப்பு வேண்டிய இடத்தில் அது தனியே சொல்லப்படும்.

சராசரி வேகமும் சராசரித் திசைவேகமும் ஒன்றுதானே?

ஒரே திசையில் நேர்கோட்டில் செல்லும் பொருளுக்கு இரண்டின் எண்மதிப்பும் ஒன்றாக இருப்பதால்தான் இந்த ஐயம் எழுகிறது. கடந்த தொலைவு முழுவதையும் மொத்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். தொடக்க இடத்திலிருந்து முடிவிடம் வரையிலான இடப்பெயர்ச்சியை அதே நேரத்தால் வகுத்தால் சராசரித் திசைவேகம். பொருள் திரும்பும் கணத்திலிருந்து இரண்டும் வெவ்வேறாகப் பிரிகின்றன. 20 மீ/வி வேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து 2 விநாடியில் 20 மீட்டர் உயரம் ஏறி, அடுத்த 2 விநாடியில் எறிந்த இடத்துக்கே வந்து சேர்கிறது. அது கடந்த தொலைவு 40 மீட்டர், எடுத்துக்கொண்ட நேரம் 4 விநாடி. எனவே சராசரி வேகம் 10 மீ/வி. இடப்பெயர்ச்சி சுழி என்பதால் சராசரித் திசைவேகமும் சுழி. வினாவில் ‘சராசரி’ என்ற சொல்லைப் பார்த்ததும் வகுக்கத் தொடங்கிவிடாமல், அதையடுத்து நிற்கும் சொல் எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது மணிக்கு 60 கி.மீ. என்றால் சராசரி 50 ஏன் இல்லை?

ஒரு வழித் தொலைவு 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போவதற்கு ஒன்றரை மணி நேரமும் திரும்புவதற்கு ஒரு மணி நேரமும் ஆகின்றன. 120 கி.மீ. தொலைவை இரண்டரை மணி நேரத்தால் வகுத்தால் கிடைப்பது மணிக்கு 48 கி.மீ. தொலைவு இரு பக்கமும் சமமாக இருந்தாலும், மெதுவாகச் சென்ற பகுதியில் வண்டி கூடுதல் நேரம் இருந்தது. அதனால் சராசரி அந்தப் பக்கமாகவே சாய்கிறது. தொலைவை 60 என்று எடுத்ததால் வந்த விடை இது என்று நினைக்க வேண்டாம்; 120 என்றோ 7 என்றோ எடுத்தாலும் 48 தான் வரும். தொலைவு தரப்படாத வினாக்களில் தயங்கி நிற்காமல் வகுக்க எளிதான ஓர் எண்ணைத் தொலைவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதுவே காரணம். சம தொலைவுகளுக்கு மட்டும் பொருந்தும் சூத்திரம் ஒன்றும் உண்டு: இரு வேகங்களின் பெருக்கற்பலனை இரட்டித்து அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அதை மனப்பாடம் செய்வதைவிட நேரத்தைத் தனித்தனியே கண்டு கூட்டுவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. ஏனெனில் பயணம் மூன்று பகுதிகளாகப் பிரிந்தாலோ, பகுதிகள் சமமற்றுப் போனாலோ அந்தச் சூத்திரம் உதவாது.

அப்படியானால் இரு வேகங்களையும் கூட்டிப் பாதியாக்குவது எப்போதுமே தவறா?

இல்லை. இரண்டு வேகங்களும் சம நேரத்துக்கு நீடித்திருந்தால் அது சரியான விடையைத் தரும். ஒரு மணி நேரம் 40, அடுத்த ஒரு மணி நேரம் 60 என்று சென்ற வண்டி இரண்டு மணி நேரத்தில் 100 கி.மீ. கடந்திருக்கும், சராசரி 50. மாறாத முடுக்கத்தோடு நேர்கோட்டில் இயங்கும் பொருளுக்கும் தொடக்கத் திசைவேகத்தையும் இறுதித் திசைவேகத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரித் திசைவேகம் கிடைக்கும், ஏனெனில் அங்கே திசைவேகம் நேரத்தோடு சீராக மாறுகிறது. ஓய்விலிருந்து விழும் கல் 3 விநாடியின் முடிவில் 30 மீ/வி அடைகிறது. சராசரி 15, ஆகவே விழுந்த தொலைவு 45 மீட்டர். முடுக்கம் மாறும் இயக்கத்தில் இந்தக் குறுக்குவழி செல்லாது.

முதல் பாதியில் மெதுவாகச் சென்றதை இரண்டாம் பாதியில் எவ்வளவு வேகமாகச் சென்றாலும் ஈடுகட்ட முடியுமா?

சில வேளைகளில் முடியாது. மொத்தத் தொலைவு 60 கி.மீ.; முழுப் பயணத்தின் சராசரி மணிக்கு 60 கி.மீ. ஆக வேண்டும், முதல் 30 கி.மீ. தொலைவை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடந்தாகிவிட்டது, மீதித் தொலைவில் எந்த வேகத்தில் செல்ல வேண்டும்? பலரும் சட்டென்று 90 என்பார்கள். வேண்டிய சராசரி கிடைக்க முழுப் பயணமும் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். முதல் பாதியிலேயே அந்த ஒரு மணி நேரமும் தீர்ந்துவிட்டது. மீதி 30 கி.மீ. தொலைவைக் கடக்க நேரமே மிச்சமில்லை. எனவே எந்த வேகமும் போதாது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் சென்றால் இன்னும் 20 நிமிடம் ஆகும், 60 கி.மீ. தொலைவை 80 நிமிடத்தில் கடந்ததாகி, சராசரி 45 என்று முடியும்.

வழியில் நின்ற நேரத்தைச் சேர்க்க வேண்டுமா?

சேர்க்க வேண்டும். வினா ‘ஓடிய நேரத்தில் மட்டும்’ என்று வெளிப்படையாகச் சொன்னாலொழிய, மொத்த நேரம் என்பது புறப்பட்ட கணத்திலிருந்து வந்து சேர்ந்த கணம் வரையிலான முழு நேரமே.

மணிக்குக் கிலோமீட்டரை விநாடிக்கு மீட்டராக மாற்றும்போது எதால் பெருக்குவது என்று குழப்பமாக இருக்கிறது.

1000 மீட்டரை 3600 விநாடியால் வகுத்தால் 5/18. மணிக்கு 72 கி.மீ. என்பதை 5/18ஆல் பெருக்கினால் 20 மீ/வி. மீ/வி-யில் சொல்லும்போது எண் சிறுக்க வேண்டும் என்பது நினைவிருந்தால் தலைகீழாகப் பெருக்கிவிட மாட்டோம்.

சராசரி வேகம் தெரிந்தால் பொருளின் உச்ச வேகம் தெரிந்ததாகுமா?

ஆகாது. 2009ஆம் ஆண்டு பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி முடித்தார், சராசரி 10.44 மீ/வி. ஓய்விலிருந்து புறப்பட்ட அவர் பாதித் தொலைவைத் தாண்டிய பிறகு 12 மீ/வி-க்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தார். சராசரி என்பது மிகக் குறைந்த வேகத்துக்கும் மிகக் கூடிய வேகத்துக்கும் இடையில் எங்கோ இருக்கும் என்பதற்கு மேல் அது தனியாக எதையும் சொல்வதில்லை.

எறிபொருள் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

தாளை நடுவில் ஒரு கோட்டால் பிரித்து, இடப்பக்கம் கிடைத்தள இயக்கத்தையும் வலப்பக்கம் செங்குத்து இயக்கத்தையும் எழுதுவதிலிருந்து தொடங்கலாம். இடப்பக்கத்தில் முடுக்கம் இல்லை. திசைவேகத்தை நேரத்தால் பெருக்கினால் தொலைவு, அவ்வளவுதான். வலப்பக்கத்தில் முடுக்கம் எப்போதும் கீழ்நோக்கி 10 மீ/வி². எறிந்த வேகத்தை எறிகோணத்தின் கொசைனால் பெருக்கினால் இடப்பக்கத்துக்கான கூறும், சைனால் பெருக்கினால் வலப்பக்கத்துக்கான கூறும் கிடைக்கும். ஆனால் இது கோணம் கிடைத்தளத்தோடு அளக்கப்பட்டிருந்தால் மட்டுமே. ‘செங்குத்தோடு 30°’ என்று வினா சொன்னால் சைனும் கொசைனும் இடம் மாறும். தேர்வுகளில் வேண்டுமென்றே வைக்கப்படும் பொறி இது.

ஒரு பக்கத்து எண் மற்றப் பக்கத்துச் சமன்பாட்டுக்குள் நுழையவே கூடாது. கிடைத்தளத் திசைவேகத்தைச் செங்குத்துச் சமன்பாட்டில் இடுவதுதான் தொடக்கநிலையில் மிகுதியாகக் காணப்படும் தவறு. கோட்டைத் தாண்டி இரு பக்கமும் போய்வர உரிமை உள்ள ஒரே அளவு நேரம். பெரும்பாலான வினாக்களில் ஒரு பக்கத்தில் நேரத்தைக் கண்டுபிடிக்கப் போதுமான விவரம் இருக்கும்; அதைக் கண்டு மறுபக்கத்துக்குக் கொண்டுசென்றால் கணக்கு முடிந்தது.

ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்க முடியுமா?

20 மீட்டர் உயரமுள்ள பாறையின் விளிம்பிலிருந்து ஒரு கல் 15 மீ/வி வேகத்தில் கிடைமட்டமாக எறியப்படுகிறது. அது எங்கே, எந்த வேகத்தில் தரையைத் தொடும்? வலப்பக்கத்தில், தொடக்கத் திசைவேகத்தின் செங்குத்துக் கூறு சுழி. ‘15 மீ/வி’ என்ற எண் வினாவில் பளிச்சென்று நிற்பதால் அதை இங்கே கொண்டுவந்துவிடத் தோன்றும், கூடாது. விழும் தொலைவு என்பது முடுக்கத்தின் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. 20 மீட்டருக்கு நேரத்தின் வர்க்கம் 4, ஆகவே நேரம் 2 விநாடி. இதை இடப்பக்கத்துக்குக் கொண்டுசென்றால் 15 × 2 = 30 மீட்டர்; கல் பாறையின் அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி விழுகிறது. தரையைத் தொடும்போது கிடைத்தளக் கூறு மாறாமல் 15 மீ/வி, செங்குத்துக் கூறு 20 மீ/வி. ஒன்றுக்கொன்று செங்குத்தான இவ்விரண்டையும் பிதாகரஸ் தேற்றத்தின்படி சேர்க்க வேண்டும்: 225 + 400 = 625; வேகம் 25 மீ/வி. நேராகக் கூட்டி 35 என்று எழுதுவோரும் உண்டு. கிடைத்தளத்துக்குக் கீழே ஏறத்தாழ 53° சாய்வில் கல் தரையில் மோதுகிறது.

வேகமாக எறிந்தால் பொருள் கூடுதல் நேரம் காற்றில் இருக்காதா?

கிடைமட்டமாக எறிந்தால் இருக்காது. மேற்சொன்ன கல்லை 15க்குப் பதில் 60 மீ/வி வேகத்தில் எறிந்தாலும், கையிலிருந்து வெறுமனே நழுவவிட்டாலும் தரையைத் தொட 2 விநாடியே ஆகும். விழும் இடம்தான் மாறும். புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது, பக்கவாட்டு இயக்கம் அந்த இழுப்பைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. இவ்விரு இயக்கங்களையும் பிரித்துப் பார்த்து, அவை சேரும்போது பாதை பரவளையமாகிறது என்று கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் நிறுவினார். சாய்வாக மேல்நோக்கி எறியும்போது வேகம் கூடினால் பறக்கும் நேரமும் கூடும் என்பது உண்மை; அங்கே வேகத்தின் ஒரு பகுதி செங்குத்துக் கூறாகவும் அமைவதே அதற்குக் காரணம்.

பாதையின் உச்சியில் பொருளின் வேகம் சுழியா?

செங்குத்தாக மேலே எறிந்தால் மட்டுமே சுழி. சாய்வாக எறியப்பட்ட பொருளுக்கு உச்சியில் செங்குத்துக் கூறு மட்டும் சுழியாகிறது. கிடைத்தளக் கூறு புறப்பட்டபோது இருந்த அளவிலேயே இருக்கிறது. முடுக்கமோ எந்த நிலையிலும் சுழியாவதில்லை. உச்சியிலும் அது கீழ்நோக்கி 10 மீ/வி² தான்.

உயரத்திலிருந்து சாய்வாக எறிந்தால் வழக்கமான சூத்திரங்கள் ஏன் தவறான விடையைத் தருகின்றன?

பறக்கும் நேரத்துக்கும் கிடைத்தள நெடுக்கத்துக்கும் (பொருள் விழும் வரை கிடைத்தளத்தில் கடக்கும் தொலைவு) பாடத்தில் தரப்படும் சூத்திரங்கள், எறிந்த மட்டத்துக்கே பொருள் திரும்பி வருகிறது என்ற நிபந்தனையின் பேரில் பெறப்பட்டவை. அந்த நிபந்தனை சூத்திரத்தோடு சேர்ந்து மனத்தில் பதிவதில்லை. 15 மீட்டர் உயரத்திலிருந்து, கிடைத்தளத்துக்கு மேலே 30° கோணத்தில், 20 மீ/வி வேகத்தில் பந்து எறியப்படுவதாகக் கொள்வோம். செங்குத்துக் கூறு 10 மீ/வி, கிடைத்தளக் கூறு 17.3 மீ/வி. வழக்கமான சூத்திரம் பறக்கும் நேரம் 2 விநாடி என்று சொல்லும். அது பந்து மீண்டும் 15 மீட்டர் மட்டத்துக்கு வரும் நேரமே தவிர, தரையைத் தொடும் நேரம் அல்ல.

மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால், தரையைத் தொடும்போது இடப்பெயர்ச்சி −15 மீட்டர். எனவே −15 = 10 × நேரம் − 5 × நேரத்தின் வர்க்கம். இந்த இருபடிச் சமன்பாட்டின் தீர்வுகள் 3, −1. ஏற்கத்தக்க விடை 3 விநாடி. கிடைத்தளத் தொலைவு ஏறத்தாழ 52 மீட்டர். விடையை வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: பந்து 1 விநாடியில் 5 மீட்டர் ஏறி, தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில் உச்சியை அடைகிறது, அங்கிருந்து 20 மீட்டர் விழ 2 விநாடி, மொத்தம் 3.

அந்த −1 என்ற தீர்வைப் பொருளற்றது என்று அடித்துவிடுவது வழக்கம். அதற்கும் ஒரு பொருள் உண்டு. அதே பரவளையத்தைப் பின்னோக்கி நீட்டினால், எறிந்த கணத்துக்கு 1 விநாடி முன்பு அந்தப் பாதை தரையைத் தொட்டிருக்கும். நம் பந்து அப்போது பறக்கவில்லை என்பது சமன்பாட்டுக்குத் தெரியாது.

நேர்க்குறி, எதிர்க்குறி எதற்கு வைப்பது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

மேல்நோக்கியதை நேர்க்குறியாகக் கொள்வதா, கீழ்நோக்கியதையா என்பது உங்கள் விருப்பம். கணக்கின் முதல் வரியில் அதை எழுதிவிட்டு, இறுதிவரை மாற்றாமல் இருந்தால் போதும். பொருள் ஏறும்போது ஒரு குறி, இறங்கும்போது வேறு குறி என்று முடுக்கத்துக்கு வைப்பதால்தான் பாதி விடைகள் பிழைபடுகின்றன.

45° கோணத்தில் எறிந்தால்தான் அதிகத் தொலைவு செல்லுமா?

எறிந்த மட்டத்திலேயே விழுந்தால், காற்றுத்தடை இல்லையென்றால், ஆம். நெடுக்கம் என்பது கிடைத்தளத் திசைவேகத்தையும் பறக்கும் நேரத்தையும் பெருக்கியது. கோணத்தைக் கூட்டினால் நேரம் நீள்கிறது, கிடைத்தளக் கூறு சுருங்குகிறது, குறைத்தால் நேர்மாறு, பெருக்கற்பலன் 45°யில் உச்சம் பெறுகிறது. 25 மீ/வி வேகத்துக்கு அது 62.5 மீட்டர். பீரங்கிக் குண்டுகளைப் பற்றி எழுதிய தார்த்தாலியா என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1537இலேயே 45°யைக் குறிப்பிட்டிருந்தார்.

கூட்டினால் 90° வரும் இரு கோணங்கள் ஒரே நெடுக்கத்தைத் தரும் என்பதையும் இதே எண்களில் பார்க்கலாம். 25 மீ/வி வேகத்தில் ஏறத்தாழ 53° கோணத்தில் எறிந்தால் கிடைத்தளக் கூறு 15, செங்குத்துக் கூறு 20. பறக்கும் நேரம் 4 விநாடி. நெடுக்கம் 60 மீட்டர். ஏறத்தாழ 37° என்றால் கூறுகள் இடம் மாறி 20, 15 ஆகின்றன. நேரம் 3 விநாடி. நெடுக்கம் அதே 60. விழும் இடம் ஒன்றே, விழும் நேரம் ஒன்றல்ல.

விழும் இடம் எறியும் இடத்தைவிடத் தாழ்ந்திருந்தால் சிறந்த கோணம் 45°க்குக் கீழே இறங்கும். தடகளத்தில் இரும்புக் குண்டு எறியும் வீரர்கள் தோள் உயரத்துக்கு மேலிருந்து எறிகிறார்கள். போதாக்குறைக்கு, உடலால் தாழ்ந்த கோணத்தில் கூடுதல் வேகம் கொடுக்க முடிகிறது. ஆகவே அவர்கள் பெரும்பாலும் 40°க்கும் குறைவான கோணங்களையே பயன்படுத்துகிறார்கள்.

எறிபொருளின் சராசரி வேகத்தைக் கேட்டால் என்ன செய்வது?

இந்த ஒரு வினாவில் இரு பாடங்களும் சந்திக்கின்றன; ஆகவே நின்று பார்க்க வேண்டியது. மேலே கண்ட 25 மீ/வி, 53° பந்தையே எடுத்துக்கொள்வோம். சராசரித் திசைவேகம் எளிது: இடப்பெயர்ச்சி 60 மீட்டர், நேரம் 4 விநாடி, ஆகவே கிடைத்தளத் திசையில் 15 மீ/வி. அது கிடைத்தளக் கூறே என்பதைக் கவனியுங்கள். சமதளத்தில் எறியப்படும் எல்லாப் பொருள்களுக்கும் இது பொருந்தும், ஏனெனில் செங்குத்து இயக்கத்தின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

சராசரி வேகம் அப்படியல்ல. பந்து பறந்த பாதையின் நீளத்தை நேரத்தால் வகுக்க வேண்டும். அந்தப் பாதை 60 மீட்டர் நேர்கோடு அல்ல, வளைந்த பரவளையம். தொகையிடலால் அதன் நீளத்தைக் கண்டால் ஏறத்தாழ 74.7 மீட்டர் வருகிறது. ஆகவே சராசரி வேகம் ஏறத்தாழ 18.7 மீ/வி. புறப்படும்போது 25, உச்சியில் 15 என்பதால் சராசரி 20 என்று சிலர் எழுதுவார்கள். வேகம் நேரத்தோடு சீராக மாறாததால் அது பிழை. உச்சியை ஒட்டிய பகுதியில் வேகம் நெடுநேரம் 15க்கு அருகிலேயே நிற்கிறது. அதனால் சராசரி 20க்குக் கீழே இறங்குகிறது. தொடக்கநிலை வினாத்தாளில் தொகையிடலை எதிர்பார்க்க மாட்டார்கள். எனவே சாய்வாக எறியப்பட்ட பொருளுக்குச் ‘சராசரி’ கேட்டால், கேட்கப்படுவது அநேகமாகத் திசைவேகமாகவே இருக்கும்.

புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 9.8 எடுப்பதா, 10 எடுப்பதா?

வினா சொல்வதை எடுக்க வேண்டும், சொல்லாவிட்டால் 9.8. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2 சதவீதம். நேரம் வர்க்கமூலத்தின் வழியே வருவதால் பாறைக் கணக்கில் 2 விநாடி என்பது 2.02 ஆகும், 30 மீட்டர் 30.3 ஆகும், அவ்வளவே. பூமியிலேயே இம்மதிப்பு நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 9.78 ஆகவும் துருவங்களில் 9.83 ஆகவும் இருக்கிறது. நிலவில் 1.62, அங்கே அதே கல் 20 மீட்டர் விழ ஏறத்தாழ 5 விநாடி ஆகும்.

காற்றுத்தடையை எப்போது புறக்கணிக்கலாம்?

கனமான, சிறிய, மிதமான வேகத்தில் செல்லும் பொருளுக்குப் புறக்கணிக்கலாம். இரும்புக் குண்டுக்கு நம் கணக்கு நன்றாகப் பொருந்தும்; மேசைப் பந்தாட்டப் பந்துக்குப் பொருந்தாது. தடை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், துப்பாக்கித் தோட்டாவுக்கும் இந்தச் சூத்திரங்கள் மிகத் தவறான நெடுக்கத்தையே தரும். காற்றே இல்லாத நிலவில், 1971ஆம் ஆண்டு அப்போலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் நழுவவிட, இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

விடை சரிதானா என்று நானே எப்படிக் கண்டறிவது?

முதலில் அலகைப் பாருங்கள். தொலைவுக்கான விடை மீ/வி-யில் வந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை. சராசரி வேகக் கணக்கில் விடை இரு வேகங்களுக்கும் இடையில் இருக்கிறதா, கூடுதல் நேரம் நீடித்த வேகத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எறிபொருள் கணக்கில் நீங்கள் பெற்ற கோவையில் கோணத்தை 90° ஆக்கிப் பார்க்கலாம். நெடுக்கம் சுழியாகாவிட்டால் சைனும் கொசைனும் எங்கோ இடம் மாறியிருக்கின்றன.

தரையைத் தொடும் வேகத்தைச் சரிபார்க்க ஆற்றல் மாறா விதி கைகொடுக்கும்: இறுதி வேகத்தின் வர்க்கம் என்பது தொடக்க வேகத்தின் வர்க்கத்தோடு, முடுக்கத்தையும் விழுந்த உயரத்தையும் பெருக்கி இரட்டித்த தொகையைச் சேர்த்தது. 15 மீட்டர் உயரத்திலிருந்து 20 மீ/வி வேகத்தில் எறிந்த பந்துக்கு 400 + 300 = 700. கூறுகளின் வழியே வந்தாலும் கிடைத்தளத்துக்கு 300, செங்குத்துக்கு 400, ஆக 700. வேகம் ஏறத்தாழ 26.5 மீ/வி. இந்த வழியில் கோணமே தலைகாட்டுவதில்லை என்பதால், கோணத்தைக் கையாண்டதில் நேர்ந்த பல பிழைகள் இங்கே அகப்படும்; சைனும் கொசைனும் இடம் மாறியது மட்டும் அகப்படாது, ஏனெனில் கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் அப்போதும் அதே தொகைதான் வரும்.